நோயுற்ற சிறுமியும் எட்வர்ட் மூங்க்கும்

எட்வர்ட் மூங்க் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஒரே ஒரு படம்தான். சிவந்த வானம், சாய்ந்து ஓடும் கைப்பிடிக் கட்டைகள், முகத்தின் இருபுறமும் கைவைத்து வாய்திறந்து நிற்கும் மண்டையோட்டு உருவம். 'அலறல்'. இருத்தலியம் பற்றிய கட்டுரையோ, அந்நியமாதல் பற்றிய குறிப்போ, ஒரு கவிதைத் தொகுதியின் முகப்போ, எதற்கும் அது பொருந்திவிடுகிறது. எக்ஸ்பிரஷனிஸம் என்ற சொல்லுக்கு நாம் கற்பித்துக்கொண்ட பொருளும் பெரும்பாலும் இந்தப் படத்திலிருந்து பிறந்ததுதான்: உள்ளே வலி இருக்கிறது, தாங்க முடியாமல் அது வெளியே வந்து விழுகிறது, விழுந்தது கலை. இந்தச் சித்தாந்தம் ஓவியத்தோடு நின்றிருந்தால் எனக்குப் புகார் இல்லை. அது நம் கவிதைக்குள் புகுந்தது. பிறகு கவிஞர்களின் வாழ்க்கைக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவேதான் மூங்க்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அலறலையே பார்ப்போம். கைகள் இருக்கும் இடத்தைக் கவனித்தால் அந்த உருவம் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பது தெரியும். ஒரு மாலை இரு நண்பர்களோடு நடந்து போகையில் வானம் திடீரென்று ரத்தச் சிவப்பானதையும், இயற்கையினூடே ஓர் அலறல் கடந்து செல்வதைத் தாம் உணர்ந்ததையும் மூங்க் 1892இல் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். ஆக, அந்த அலறல் அவர் கேட்டது, எழுப்பியது அல்ல. அதே வருஷம் அவர் வரைந்த 'விரக்தி' என்ற ஓவியத்தில் வானமும் கைப்பிடியும் இதேதான். ஆனால் தொப்பியணிந்த ஒரு மனிதன் பக்கவாட்டில் திரும்பிக் கீழே பார்த்தபடி சாய்ந்து நிற்கிறான். துயரப்படும் ஒரு ஆசாமி, அவ்வளவே. 1893இல்தான் அந்த உருவம் தொப்பியை இழந்து, ஆண் பெண் என்ற அடையாளத்தையும் இழந்து, நம் பக்கம் திரும்புகிறது. வண்ணத்தில் அதற்கு நான்கு வடிவங்கள் உண்டு; 1895இல் செய்த கல்லச்சு ஒன்றும் உண்டு. கடைசி வடிவம் 1910 வாக்கில் வரைந்தது. ஒரு கணத்தில் பீறிட்டதாக நாம் நம்பும் படம் பதினெட்டு வருஷங்கள் அவரை விடவில்லை. அவரும் அதை விடவில்லை.

இருந்தாலும் மூங்க்கின் உலகத்துக்குள் நுழையும் வாசல் 'அலறல்' இல்லை என்பது என் அபிப்பிராயம். அதற்கு எட்டு வருஷங்கள் முன்பு அவர் தொடங்கிய 'நோயுற்ற சிறுமி'தான் அந்த வாசல்.

மூங்க் 1863 டிசம்பர் 12இல் நார்வேயின் லோய்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். மறு வருஷமே குடும்பம் கிறிஸ்டியானியாவுக்கு, இன்றைய ஆஸ்லோவுக்கு, வந்துவிட்டது. தந்தை ராணுவ மருத்துவர், கடும் பக்திமான். 1868இல், மகனுக்கு ஐந்து வயதாகும்போது, தாய் க்ஷயத்தில் இறந்தாள். 1877இல் அவருக்கு ஒரு வயது மூத்த அக்கா ஸோஃபி அதே நோயில் போனாள். அவளுக்கு 15 வயது, இவருக்கு 13. மருத்துவர் வீடுதான், மருத்துவரால் செய்ய முடிந்தது மண்டியிட்டு ஜபிப்பது. மூங்க்கும் நோஞ்சான் பிள்ளை. தங்கை லாராவுக்குச் சித்தம் கலங்கியது. தந்தை 1889இலும் தம்பி ஆண்ட்ரியாஸ் 1895இலும் இறந்தார்கள். பிள்ளைகளை வளர்த்தது தாயின் தங்கை காரன். ஸோஃபி உட்கார்ந்திருந்த நாற்காலியை மூங்க் கடைசிவரை தம்மோடு வைத்திருந்தார்.

வாழ்க்கை இப்படி இருந்தால் கலை இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் க்ஷயம் புகாத தெரு இல்லை. அக்காவை இழந்த பையன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நோயுற்ற குழந்தையை வரைவதும் அப்போது ஓவியர்களிடையே ஒரு சம்பிரதாயமாகவே இருந்தது. மூங்க்குக்கு மூத்தவரும் வழிகாட்டியுமான கிறிஸ்டியன் குரோக் 1880களின் தொடக்கத்தில் வரைந்த 'நோயுற்ற சிறுமி' ஒன்று உண்டு. நேர்த்தியான, கண்ணில் நீர் வரவழைக்கும் படம். மூங்க் செய்தது வேறு காரியம்.

ஸோஃபி இறந்து எட்டு வருஷங்கள் கழித்து, 1885இல், அவர் அந்தப் படத்தை ஆரம்பித்தார். பெட்ஸி நீல்ஸன் என்ற சிறுமி மாதிரியாக உட்கார்ந்தாள். பக்கத்தில் தலை குனிந்திருக்கும் பெண்ணுக்குச் சித்தி காரன் மாதிரி. வரைந்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார், மறுபடி சுரண்டினார். இப்படி ஒரு வருஷம். வண்ணம் மேலுக்கு மேல் ஏறிக் கெட்டிப்பட்டது. அந்தக் கெட்டியை அவர் கீறினார். கீறல்கள் படத்தின் குறுக்கேயும் நெடுக்கேயும் இன்றும் தெரிகின்றன. 1886இல் கிறிஸ்டியானியாவின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அதை 'ஆய்வு' என்று மட்டும் பெயரிட்டு வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். முடிக்காத படம், அரைகுறைப் படம் என்றார்கள். படத்தை அவர் குரோக்குக்கே கொடுத்துவிட்டார்.

நான் இந்தப் படத்தைப் பார்த்தது எல்லாம் அச்சுப் பிரதிகளில். இப்போது கணினித் திரையில். கித்தானின் முன்னால் நின்றவனில்லை. ஆயினும் சில விஷயங்கள் பிரதியிலும் தப்புவதில்லை. பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்த சிறுமியின் முகம் பக்கவாட்டில் இருக்கிறது. செம்பட்டை முடி வியர்வையில் ஒட்டியிருக்கிறது. அவள் பார்வை குனிந்திருக்கும் பெண்ணின் தலையைத் தாண்டி, ஒரு இருண்ட திரைச்சீலையின் பக்கம் போகிறது. அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நாம் பார்க்கவே முடியாது, உச்சந்தலைதான் தெரிகிறது. படத்தின் நடுவில் இருவர் கைகளும் சேரும் இடம் இருக்கிறது. வேறு எந்த ஓவியனாயிருந்தாலும் தன் திறமையையெல்லாம் கொட்டியிருக்கும் இடம் அது. மூங்க்கிடம் அது விரல்களே இல்லாத ஒரு வண்ணக் குழம்பல். வரையத் தெரியாமல் இல்லை. சுரண்டிச் சுரண்டி அவர் வந்து சேர்ந்த இடம் அது. எந்தக் கை எந்தக் கையைப் பிடித்திருக்கிறது என்பது பதிமூன்று வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தாம் வரைவது காண்பதை இல்லை, கண்டதை என்ற பொருளில் மூங்க் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இந்தக் காலபேதம் முக்கியம். வலியின் நேரத்தில் கத்துகிறவன் நிகழ்காலத்தில் இருக்கிறான். மூங்க்கின் தூரிகையோ எப்போதும் இறந்தகாலத்தில் துழாவிக்கொண்டிருக்கிறது. கிடைத்தது சரிதானா என்று கேட்டுக்கொள்கிறது. சரியில்லை என்று சுரண்டுகிறது. 1886இன் பார்வையாளர்கள் அரைகுறை என்று சிரித்த கீறல்களை, பிறகு வந்தவர்கள் உணர்ச்சியின் ஆவேசம் என்று கொண்டாடினார்கள். அவை ஆவேசத்தில் விழுந்தவையாக எனக்குப் படவில்லை. அடித்தல் திருத்தலின் தழும்புகள் அவை.

அந்தத் திருத்தல் முதல் படத்தோடு முடியவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1896இல் பாரிஸில் மறுபடி வரைந்தார். 1907இல் இரண்டு முறை. 1920களில் மேலும் இரண்டு முறை. ஆக ஆறு ஓவியங்கள், நாற்பது வருஷங்கள். இவை தவிர 1894இல் செப்புத்தகட்டில் கீறி எடுத்த அச்சு ஒன்று. 1896இல் பாரிஸில் அச்சுக்கலைஞர் ஒகுஸ்த் க்ளோவோடு சேர்ந்து எடுத்த கல்லச்சுகள் வேறு. அவற்றில் அறை இல்லை, சித்தி இல்லை, கைகளும் இல்லை. சிறுமியின் தலை மட்டும், ஒவ்வொரு பிரதியிலும் வெவ்வேறு வண்ணச் சேர்க்கையில்: ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெறும் கறுப்பு. ஆறு ஓவியங்களிலும் அமைப்பு மாறவே இல்லை. வண்ணம் மாறுகிறது, தூரிகையின் வீச்சு மாறுகிறது. முதலில் சாம்பல் படிந்திருந்த அறை பிற்பாடு பச்சையும் சிவப்புமாகக் கொதிக்கிறது. வரைந்தவருக்கு இருபத்திரண்டு வயதிலிருந்து அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவுக்கு 15. குனிந்த பெண் ஒரு முறைகூடத் தலை நிமிரவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1896இன் படம் ஓலாஃப் ஷோ என்ற செல்வந்தர் கேட்டு வரைந்தது. 1907இன் ஒன்று ஸ்டாக்ஹோமின் எர்ன்ஸ்ட் தீல் கேட்டு வரைந்தது. துக்கத்தை நகலெடுத்து விற்ற வியாபாரம்தானே இது என்று கேட்கலாம். காசு வாங்கினார், உண்மை. ஆனால் மூங்க் தம் ஓவியங்களைப் பிள்ளைகள் என்றே சொன்னவர். ஒன்று விற்றுப்போனால் தம்மிடம் இருக்கவென்று இன்னொன்று வரைவார். காசும் ஏக்கமும் ஒரே காரியத்துக்குள் இருக்க முடியாது என்று யார் சொன்னது? கூலிக்குப் பாடிய ஒப்பாரிகளில் நெஞ்சை அறுக்கும் ஒப்பாரிகள் உண்டென்பது நமக்குத் தெரியாததா? பிரதி எடுக்கிறவன் முதல் படத்தைப் பார்த்து எடுப்பான். மூங்க் ஒவ்வொரு முறையும் அந்த அறைக்கே திரும்பிப் போய் வந்தது, மாறிக்கொண்டே போகும் வண்ணங்களில் தெரிகிறது.

முடிந்த படம் என்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் ஆஸ்லோவின் புறத்தே ஏகலியில் திறந்தவெளிப் பட்டறைகள் அமைத்து, ஓவியங்களை வெயிலிலும் மழையிலும் பனியிலும் விட்டுவைத்தார். குதிரை வைத்தியம் என்று அதற்குப் பெயர். பிழைத்தால் பிழைக்கட்டும் என்ற முரட்டு வைத்தியம். 'அலறல்' ஓவியத்தில் இருக்கும் ஒரு வெள்ளைத் தெறிப்பை இந்தப் பழக்கத்தால் விழுந்த பறவை எச்சம் என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2016இல் சோதித்துப் பார்த்ததில் அது மெழுகுவத்தியின் மெழுகு. ஓவியனைப் பற்றி எதை நம்ப நமக்கு விருப்பமோ அது ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

பைத்தியம் என்ற விஷயமும் அப்படித்தான். அதே 'அலறல்' படத்தின் மேல்மூலையில் பென்சிலால் ஒரு வாக்கியம் இருக்கிறது: ஒரு பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று. கோபங்கொண்ட பார்வையாளன் எவனோ எழுதியது என்று ஒரு கட்சி இருந்தது. 2021இல் நார்வேயின் தேசிய அருங்காட்சியகம் கையெழுத்தை ஒப்பிட்டு அது மூங்க்கினுடையதே என்று முடிவு சொன்னது. 1895இல் கிறிஸ்டியானியாவில் படத்தை வைத்தபோது அவர் சித்த சுவாதீனத்தைப் பற்றி ஒரு மருத்துவ மாணவர் சந்தேகம் எழுப்பினார். அதற்குப் பிறகு எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். நம் ஆட்கள் இதைத் தன் பைத்தியத்தைத் தானே பிரகடனம் செய்த கலைஞன் என்று படிப்பார்கள். குத்தலை வாங்கி, அதைச் சிறு எழுத்தில் தன் படத்திலேயே எழுதிவைத்த மனிதனின் கசப்பான கிண்டலாக எனக்கு அது தோன்றுகிறது. நோய் தம் கலையோடு பிணைந்தது, அது இல்லாமல் தாம் இல்லை என்றும் மூங்க் எழுதியதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுதியதை மட்டும் படித்துவிட்டு, செய்ததைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

1908இல், குடியும் பிரமைகளும் முற்றி, அவர் கோபன்ஹேகனில் டாக்டர் டானியல் யாகோப்ஸனின் மருத்துவமனையில் சேர்ந்தார். இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கவில்லை, தாமே போனார். சுமார் எட்டு மாதங்கள் இருந்தார். அங்கேயே டாக்டரை ஆளுயரத்தில் வரைந்தார். 'ஆல்ஃபாவும் ஒமேகாவும்' என்ற கல்லச்சுத் தொடரைச் செய்தார். 1909இல் நார்வே திரும்பினார். விமர்சன நூல்கள் பலவற்றில் மூங்க் ஏறக்குறைய இந்த இடத்தில் இறந்துவிடுகிறார். குணமானார், கலை போயிற்று என்பது தீர்ப்பு. கணக்கு வேறு சொல்கிறது. 1880இல் ஓவியனாவதென்று முடிவெடுத்ததிலிருந்து 1908 வரை 28 வருஷங்கள். 1909இலிருந்து 1944இல் இறக்கும்வரை 35.

இங்கே என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். இதைப் படிக்கும் சிலருக்கு அவனைத் தெரியும். ஒரே ஒரு மெல்லிய தொகுதி போட்டான், சொந்தக் காசில். அவனுக்கு வந்த நோய்க்கு மருந்து இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை அவன் விழுங்கவில்லை. மாத்திரை போட்டால் கவிதை போய்விடும் என்றான். நான் தர்க்கம் செய்தேன். அவன் வான்கோவைச் சொன்னான், மூங்க்கைச் சொன்னான். நம் வட்டாரத்தில் அவன் பிடிவாதத்துக்கு ஒரு மரியாதையும் கிடைத்தது. தணிந்து வாழ்கிற எங்களுக்காக அவன் எரிகிறான் என்று ஒருவர் எழுதக்கூடச் செய்தார். அவன் இப்போது இல்லை.

அவனுடைய நோட்டுப் புத்தகங்கள் மூன்று என் கைக்கு வந்தன. தொகுதியில் எல்லோரும் சிலாகிக்கும் ஒரு கவிதை உண்டு. எட்டு வரி, கிணற்றடியைப் பற்றியது. ஒரே மூச்சில் வந்து விழுந்தது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம், அவனும் மறுத்ததில்லை. நோட்டுகளில் அந்தக் கவிதைக்கு ஒன்பது வடிவங்கள் இருக்கின்றன. மை வேறு, காலம் வேறு. ஒரு வடிவத்தில் இருபத்திரண்டு வரி. 'இருட்டு' என்ற சொல்லை மூன்று இடங்களில் அடித்து, ஒரு இடத்தில் திரும்பச் சேர்த்திருக்கிறான். ஒன்பதிலும் கையெழுத்து குண்டு குண்டாக, நிதானமாக இருக்கிறது. அவன் நோவு கண்டிருந்த நாட்களின் பக்கங்களும் அதே நோட்டுகளில் இருக்கின்றன. இரண்டு வரிக்கு மேல் ஓடாமல், எழுத்து சரிந்து, பக்கத்தின் விளிம்பில் போய் நின்றுவிடுகின்றன. அவற்றிலிருந்து ஒரு வரிகூடத் தொகுதிக்குப் போகவில்லை. அவனே போகவிடவில்லை. அவன் வாய் சொன்ன சித்தாந்தத்தை அவன் கை நம்பவில்லை.

அவன் உயிரோடு இருந்திருந்தால் மூங்க்கின் 'சூரியன்' படத்தை அவன் முன் வைத்திருப்பேன். மருத்துவமனையிலிருந்து திரும்பி, க்ராகெரோ என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தபோது பார்த்த உதயம். கிறிஸ்டியானியா பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூடத்துக்காக வரைந்து 1916இல் அங்கே ஏறியது. பாறைக்கும் கடலுக்கும் மேலே வெள்ளை வட்டம். அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் கூரிய கோடுகளாகப் படத்தின் விளிம்புவரை பாய்கின்றன. ஆறுதல் தரும் சூரியன் இல்லை அது. கண் கூசும். 'அலறல்' வானத்தில் நெளிந்த அதே விசைதான் இங்கே நேர்கோடாக நிற்கிறது. 1913–14இல் வரைந்த 'வீடு திரும்பும் தொழிலாளர்கள்' வேறு வகை. தெரு நிறைய மனிதர்கள் நம்மை நோக்கி வருகிறார்கள். முன்னால் வருகிறவனின் கால்கள் அடுத்த எட்டில் நம்மை மிதித்துவிடும்போல் இருக்கின்றன. 1930இல் வலது கண்ணுக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டது. மூங்க் நல்ல கண்ணை மூடிக்கொண்டு, கெட்ட கண்ணில் மிதந்த கறையை வளையம் வளையமாக, பறவைபோல, நாள் தவறாமல் வரைந்து வைத்தார். நோயை எப்படிப் பயன்படுத்துவதென்று அறிந்தவனின் காரியம் அது. நோயின் கையில் தன்னைக் கொடுத்தவனின் காரியம் அல்ல.

பிற்காலப் படங்கள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சாதிக்கவில்லை. ஏகலியின் மரங்களும் குதிரைகளும் மாதிரிப் பெண்களும் சில சமயம் கை பழகியதால் மட்டும் வந்தவை. முற்காலத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் வலி குறைந்தது, ஆகவே கலை குறைந்தது என்ற வாய்ப்பாடு இந்த மனிதனிடம் பலிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

1937இல் நாஜிகள் அவருடைய 82 படைப்புகளைச் சீரழிந்த கலை என்று ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தார்கள். டிரெஸ்டனிலிருந்த 'நோயுற்ற சிறுமி'யும் அதில் போயிற்று. கைமாறி விலைபோய், 1939இல் லண்டனின் டேட் காலரிக்கு வந்து சேர்ந்தது. 1940இல் ஜெர்மானியப் படை நார்வேக்குள்ளேயே வந்துவிட்டது. மூங்க் ஏகலியில் தம் ஓவியங்களுக்கு நடுவே தனியாக இருந்தார். அவை அனைத்தையும் ஆஸ்லோ நகருக்கு எழுதி வைத்திருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள், பல்லாயிரம் அச்சுகள். 1944 ஜனவரி 23இல் இறந்தார்.

அந்தக் கடைசி வருஷங்களில் அவர் வரைந்த சுயசித்திரம் ஒன்று உண்டு: 'கடிகாரத்துக்கும் படுக்கைக்கும் நடுவில்'. ஒரு பக்கம் முள்ளில்லாத நெடிய கடிகாரம். மறு பக்கம் சிவப்பும் கறுப்புமாகக் கோடிட்ட விரிப்புப் போட்ட கட்டில். நடுவில் நீலக் கோட்டில் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் கிழவர். முகத்தில் அலறலும் இல்லை, சாந்தமும் இல்லை. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் வெளிச்சம், சுவர் முழுக்க ஓவியங்கள். அவர் எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1940இல் தொடங்கிய அந்தப் படத்தில் 1943 வரைக்கும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்.